கனிஷாய் அனுப்பாத அழைப்பு

முதலில் சொன்னது ஒமூர்தான். மலையூரான நரீனின் பஜாரில், கனிஷாயின் கன்டெய்னர் கடைக்கு அடுத்த கன்டெய்னரில் பஞ்சர் ஒட்டுகிறவன். மதியம் ஒன்று பத்து இருக்கும். கையெல்லாம் கரி, போனை இரண்டு விரலால் பிடித்தபடி அவள் கடைக்குள் தலையை நீட்டினான்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு. பத்து வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், ஒரு வாய் டீக்குக் கூப்பிட்டதில்ல. இன்னிக்கு விருந்துக்கே அழைப்பு அனுப்பியிருக்கே?"

கனிஷாய் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த போன், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது. அந்தச் சூட்டை அவள் கவனித்ததே அப்போதுதான்.

"திறந்துட்டியா?"

"இல்ல. கை கரியா இருக்கு."

"திறக்காதே. போனைக் கீழ வை."

"உன் பேர்லதானக்கா வந்திருக்கு?"

"என் பேர்ல வந்ததாலதான் சொல்றேன். கீழ வை."

தன் போனிலிருந்து சிம் கார்டைப் பிடுங்கி, போனை அணைத்தாள். இது எல்லாம் அரை நிமிட வேலை. ஆனால் அதற்குள் அவள் போனில் பெயர் இருந்த அறுநூறு சொச்சம் பேருக்கும் அவள் பெயரிலேயே ஒரு செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. 'எங்கள் வீட்டு விருந்துக்கு அன்போடு அழைக்கிறோம், அழைப்பிதழ் உள்ளே.' உள்ளே அழைப்பிதழ் ஒன்றும் கிடையாது. தொட்டால் ஒரு திருட்டுச் செயலி போனுக்குள் ஏறி உட்காரும். வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்களை நமக்கு முன்னால் அது படித்துவிடும், கணக்கை வழித்தெடுக்கும், பிறகு நம் பெயரிலேயே நம் சொந்தக்காரர்களைத் தேடிக் கிளம்பும்.

இப்படி ஒன்று வரும், திறக்காதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் தொண்டை கட்டியவள் யார் என்று கேட்டால், இதே கனிஷாய்தான். வயிற்றெரிச்சல் அதுதான்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் கம்ப்யூட்டரும் போனும் பழுது பார்க்கிறாள். வந்த புதிதில் நரீனில் கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல் விட்டு எண்ணலாம். அப்போது வைரஸ் என்றால் பென் டிரைவில் ஒட்டிக்கொண்டு வருவது. கோப்புகளை ஒளித்து வைக்கும், திரையில் எதையாவது ஆட விடும், அவ்வளவுதான். கல்லூரிப் பெண்கள் ஆய்வுக் கட்டுரை போச்சு என்று அழுதுகொண்டு வருவார்கள். பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தால் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு ஜாடி பாலாடை வரும். அந்தப் பொடிப் பயல் வைரஸ்களை நினைத்தால் அவளுக்கு இப்போது பாசமே வருகிறது.

அப்புறம் திரையைப் பூட்டுகிற ரகம் வந்தது. பார்க்கக் கூடாத படம் ஒன்று திரை முழுக்க வந்து நிற்கும், இந்த எண்ணுக்குப் பணம் கட்டினால்தான் போவேன் என்னும். அந்த இரண்டு வருஷம் ஊரின் பெரிய மனுஷர்கள் பலர் மடிக்கணினியைக் கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள், இது என்னோடது இல்லை, நண்பனோடது என்று. கனிஷாய் ஒருவர் முன்னாலும் சிரித்ததில்லை. சரி செய்துவிட்டு, உங்கள் நண்பரை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவாள். நரீனில் அவளுக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது இப்படித்தான்.

அவளை அழ வைத்தது அதற்கும் பிறகு வந்த ஒன்று. போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் ஊரின் இருபது வருஷக் கல்யாணங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தாள், ஒரு படம் திரும்பவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, கடைப் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனார். எதிர்ப்பக்கம் இருப்பது விளையாட்டுப் பிள்ளை இல்லை, காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிற சம்பளக்காரன் என்று அவளுக்கு உறைத்தது அப்போதுதான்.

இப்போது வருவது அதையும் தாண்டிவிட்டது. மெஷினில் ஓட்டை தேடுவதில்லை, ஆளைத்தான் தேடுகிறது. எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்த அழைப்பைத் திறந்துகூடப் பார்க்காதவன், வாசலில் வந்து நின்றவன் முகத்தில் கதவைச் சாத்தியவனுக்குச் சமம். எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற திருட்டுப் பயலுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் கனிஷாய் தன் கடைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள்: 'யார் பேரில் விருந்து என்று வந்தாலும், கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திறக்கவும்.'

பிறகு அவளே ஏன் திறந்தாள் என்றால், சம்பந்தியம்மாளால்.

அவள் மகள் பெர்மெத்தைத் தலாஸ் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. மாமியார் உரும்கான், வாய் கொஞ்சம் நீளம். கல்யாணம் முடிந்த வாரம் போட்டோக்களைப் போனில் அனுப்பினாள். கனிஷாய் வழக்கப்படி கூப்பிட்டு, நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று கேட்டுவிட்டாள். தொலைந்தது. "நான் அனுப்பாம வேற யார் அனுப்புவா? என்னைத் திருடின்னு நெனச்சியா? பொண்ணு குடுத்த எடத்துல பேசுற பேச்சா இது?" மூன்று மாசம் சாப்பாட்டு விரிப்பில் பெர்மெத் இதைக் கேட்க வேண்டியிருந்தது. உன் கெடுபிடியை உன் கடையோடு வைத்துக்கொள் அம்மா என்று மகள் போனில் அழுதாள்.

இப்போது பெர்மெத்துக்கு ஆண் குழந்தை, நாற்பது நாள் நெருங்குகிறது. தொட்டில் விருந்துக்குத் தொட்டில் கொண்டுபோக வேண்டியது பெண்ணைப் பெற்றவள். சிவப்புச் சாயம் அடித்த தொட்டில் கடையில் துணி சுற்றித் தயாராக நின்றது. தேதி மட்டும்தான் வரவில்லை. தினமும் பத்துத் தடவை போனைப் பார்த்தாள். அன்று மதியம் உரும்கான் பெயரில் அழைப்பு வந்து நின்றது. ஒரு கையில் பற்றவைக்கிற கம்பி, மறு கையால் தொட்டாள். உங்கள் செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது, படித்துக்கொள் என்றாள். ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட்வொர்க் மந்தம் என்று நினைத்துக்கொண்டாள். கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றாமல் இல்லை. அந்த நொடியை உரும்கானின் நாக்கு தின்றுவிட்டது.

நல்லவேளை, ஊர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒமூரின் போனை வாங்கி, பஜார்க் குழு, தெருக் குழு, பள்ளிக்கூடக் குழு எல்லாவற்றிலும் தன் குரலிலேயே பேசி அனுப்பினாள். என் பேரில் வந்ததைத் திறக்காதீர்கள், நான் ஏமாந்துவிட்டேன் என்று. அப்படிச் சொல்ல நாக்கு கூசியது, ஆனாலும் சொன்னாள். தன் சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, முக்கியமானவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். உரும்கானின் எண் ஓயாமல் பிஸியாகவே இருந்தது. ஏழாவது பெயரில் அவள் கை நின்றது. ஷார்ஷென் வாத்தியார்.

ஓய்வு பெற்ற வாத்தியார். மூன்று கிராமம் அவர் சொல்லுக்குக் கட்டுப்படும். பெகிமாய் என்ற ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதயத்தில் ஓட்டை. டில்லியில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமை விமானம். அன்று செவ்வாய். மூன்று கிராமமும் சேர்ந்து போட்ட பணம் முழுக்க வாத்தியாரின் போனில், அவர் வங்கிக் கணக்கில் இருந்தது. வங்கிச் செயலியை அவர் போனில் ஏற்றிக் கொடுத்ததே கனிஷாய்தான். பிப்ரவரியில் அவர் மனைவி போனபோது துக்கத்துக்குப் போயிருந்தாள், அப்போது அவர் போனைக் கையில் வாங்கிப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தாள்: "ஐயா, தெரியாத நம்பர்லேர்ந்து எது வந்தாலும் நம்பாதீங்க, கூப்பிட்டாலும் எடுக்காதீங்க. என்கிட்டேர்ந்து வந்தா மட்டும் திறங்க." அவர் அதைச் சீட்டில் எழுதி, போன் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

அவர் இப்போது சொங்-கோல் ஏரிப் பக்கம் மேய்ச்சலில் இருந்தார். அங்கே எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது. ஒரே ஒரு மேட்டில் மட்டும் கிடைக்கும். சாயங்காலம் ஆடுகளை மடக்கிவிட்டு ஆறு மணி வாக்கில் மேட்டில் ஏறினால், அன்றைய செய்தி மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டும். மேலே ஏறியதும் அவர் முதலில் பார்க்கப்போவது கனிஷாய் பெயரைத்தான். வங்கியைக் கூப்பிட்டாள். கணக்கு வைத்திருப்பவர் தானே பேசினால்தான் நிறுத்த முடியும் என்று ஒரு பெண் தேனாகப் பேசினாள். அவர் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறார் என்றால், சிக்னல் வந்ததும் பேசச் சொல்லுங்கள் என்றாள்.

"ஒமூர், உன் வண்டி ஓடுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி ஒன்றும் வரவில்லை. கடையைச் சாத்தினான்.

ஒன்று நாற்பதுக்குக் கிளம்பினார்கள். பழைய நிவா ஜீப், கியர் போடும்போது ஆடு கத்துகிற சத்தம் வரும். அக்-தால் கிராமம் தாண்டும்வரை கனிஷாய் பட்டன் போனில் விடாமல் வாத்தியாருக்கு அடித்துக்கொண்டிருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. குறுஞ்செய்தியும் அனுப்பினாள். ஆனால் குறுஞ்செய்தி என்றால் கடன் விளம்பரம்தான் வரும், பார்க்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தானே. அவள் போட்ட ஒவ்வொரு பூட்டும் இன்று அவளுக்கே எதிராக நின்றது. பெகிமாயின் அம்மா முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. அந்தக் குழந்தை படி ஏறினால் உதடு நீலமாகிவிடும், பாதியில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

மோல்தோ கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியபோது பின் டயர் உட்கார்ந்தது. ஒமூர் இறங்கிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். வண்டியில் ஸ்டெப்னி இல்லை.

ஊருக்கே டயர் பார்க்கிறவன் வண்டியில் ஸ்டெப்னி இல்லை. கனிஷாய் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"சொல்லுக்கா. வாயில வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறே."

"இன்னிக்கு அதைச் சொல்ல நான் யாருடா. ஒட்டு."

சீட்டுக்கு அடியில் ஒட்டுத் துண்டும் பசையும் கைப் பம்பும் இருந்தன. ட்யூபை உருவி, அங்கேயே ரோட்டோரம் குந்தி ஒட்டினான். காற்று ஊசியாகக் குத்தியது, பசை காய மறுத்தது. கனிஷாய் தன் மேல்கோட்டைக் கழற்றி காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது நிமிஷம் போனது. எத்தனை மணி என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஏரிக்கரையில் வாத்தியாரின் கம்பளிக் கூடாரத்தை அடைந்தபோது மணி ஆறு இருபது. ஆடுகள் பட்டியில் இருந்தன. குதிரைப் பால் கறந்துகொண்டிருந்த அவர் மருமகள் கைவேலையை விடாமல் மோவாயால் மேட்டைக் காட்டினாள். அவர் போய் நேரமாச்சு, வாங்க, முதல்ல கிமிஸ் குடிங்க என்றாள். இந்த ஊரில் வந்தவர் அந்தப் புளித்த குதிரைப் பாலைக் குடிக்காமல் கடந்து போனால் அது ஒரு குறை. கனிஷாய் அந்தக் குறையைச் செய்துவிட்டு ஓடினாள்.

மேட்டில் வண்டி ஏறாது. மூவாயிரம் மீட்டர் உயரத்துக் காற்று, அவளுக்கோ ஐம்பத்தொரு வயசு. நெஞ்சு அடைத்தது. பாதி ஏறியபோது பையிலிருந்த பட்டன் போன் சிணுங்க ஆரம்பித்தது, ஒன்று, இரண்டு, நிற்கவே இல்லை. சிக்னல் வந்துவிட்டது. அவளுக்கு இங்கேயே வந்துவிட்டது என்றால், மேலே இருப்பவருக்கு எப்போதோ வந்திருக்கும்.

உச்சியில் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஆளுக்கொரு திசையில் நின்றார்கள். வாத்தியார் மட்டும் தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். போன் முழங்கால்மேல் குப்புறக் கிடந்தது. அவளைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை, நலமா என்று கேட்கவும் இல்லை.

"என்ன, போன்ல கூப்பிட்டது பத்தலைன்னு நேர்லயே வந்துட்டியா?"

"ஐயா, அதைத் திறந்தீங்களா?"

"எதுக்குத் திறக்கணும்?" அவர் குரல் உயரவில்லை. "என் வீட்டுல சாவு விழுந்து இன்னும் வருஷம் திரும்பல. நீயே வந்து அவ தலைமாட்டுல அழுதுட்டுப் போன. வருஷ விருந்து வைக்காம நான் எந்த வீட்டு விருந்துக்கு வர முடியும்? ஊரே அனுப்பட்டும், நான் கேக்க மாட்டேன். நீ அனுப்பலாமா, மகளே?"

கனிஷாய் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் விருந்து வழக்கத்தைக் கரைத்துக் குடித்த அந்தத் திருடனுக்கு எங்கள் துக்கம் தெரிந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தி பெயர், தொட்டில், சுற்றிய சக்கரம், ஒமூரின் கரிக் கை, எதையும் குறைக்கவில்லை.

அவர் கேட்டு முடித்து, குப்புறக் கிடந்த போனைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நீ அனுப்பல."

"அனுப்பல. ஆனா திறந்தது நான்தான், ஐயா."

அவர் முகம் இளகியது. எழுந்து வந்து, போனை அவளிடம் நீட்டினார். நீயே பார்த்து அழித்துவிடு, வழக்கம்போல என்றார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் கையில குடுக்காதீங்க. நான் சொல்றேன், நீங்க அழிங்க. அந்த உறைக்குள்ள ஒரு சீட்டு இருக்கே, அதையும் எடுங்க."

எடுத்தார். நாலாக மடித்த சீட்டு, ஓரமெல்லாம் நைந்திருந்தது. கனிஷாய் அனுப்பினால் மட்டும் திறக்கவும் என்று அழகான வாத்தியார் எழுத்து.

"அதைக் கிழிச்சிருங்க. இனிமே என் பேர்ல வந்தாலும் திறக்காதீங்க."

"இந்த ஒரு பேரை நம்பித்தானே மகளே இத்தனை பேர் பணத்தை இதுல வெச்சேன். அப்புறம் யாரைத்தான் நம்புறது?"

"என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க. நீதான் அனுப்பினியான்னு. நூறு தடவை கேளுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் சீட்டைக் கிழிக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, பாறையில் வைத்து, அடியில் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். என்ன எழுதினார் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை.

பட்டன் போனில் வந்து குவிந்திருந்ததை அப்போதுதான் படித்தாள். பதினோரு பேர் திறந்துவிட்டார்கள். நாலு பேர் கணக்கில் பணம் போய்விட்டது. அதில் ஒருத்தி பஜாரில் ரொட்டி விற்கிறவள், 'நீ அனுப்பினதாலதான் தொட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். நாளைக் காலையில் அந்த நாலு வாசலிலும் போய் நிற்க வேண்டும். நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் சம்பாதித்த பேர் அரை நிமிஷத்தில் இப்படி ஆகும் என்று யார் கண்டது.

அந்த நேரம் போன் அடித்தது. உரும்கான்.

"மத்தியானத்துலேர்ந்து எல்லாரும் கூப்பிட்டு ஏசுறாங்க," என்றாள் எடுத்ததும். குரலில் பழைய காரம் இல்லை. "என் அண்ணன் பேர்ல எனக்கு வந்துச்சு, நானும் தொட்டுட்டேன். உனக்கும் போயிருக்குன்னு பெர்மெத் சொல்றா. நீயுமா தொட்டே?"

"தொட்டுட்டேன்."

"இதெல்லாம் தெரிஞ்சவ நீ. போன வருஷம் ஒரு போட்டோவுக்கே கூப்பிட்டுக் கேட்டியே. இன்னிக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"கேட்டா கோவிச்சுக்குவீங்கன்னுதான்."

மறுமுனையில் தூரத்தில் குழந்தை அழுவது கேட்டது, யாரோ அதைத் தூக்கிச் சமாதானப்படுத்துவதும் கேட்டது. கீழே ஒமூர் ஜீப்பின் பின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை தொட்டில் விருந்து வெச்சிருக்கோம்," என்றாள் உரும்கான் கடைசியில். "தொட்டிலோட வந்துரு. நான்தான் கூப்பிடுறேன். சந்தேகமா இருந்தா கேட்டுக்கோ."

"நீங்கதானா சம்பந்தியம்மா?" என்று கேட்டாள் கனிஷாய்.